காலையில் ஒன்று, சாப்பாட்டோடு

மார்செல்லா கரீனுக்கு அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினேழு வியாதிகள் வந்துபோயின. ஒரு திங்கட்கிழமை முழுக்க ஆஸ்துமா. மறுநாள் காலை அதே சமையலறை மேசையில், அதே நாற்காலியில், மூத்திரக் கடுப்பு. கேமராவை அணைத்துவிட்டு, வெறும் குரலை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வயதுப் பிள்ளைத்தாய்ச்சியாகவும் அரைமணி நேரம் இருந்திருக்கிறாள். ஐம்பத்தொன்பது வயதில் யாருக்கு வாய்க்கும் அது!

எங்கள் தீவில் டாக்டர்கள் தங்குவதில்லை. வருகிறார்கள், ஒரு குளிர்காலம் பார்க்கிறார்கள், விமானம் ஏறிவிடுகிறார்கள். அதனால் நர்ஸ்களே மருந்துச் சீட்டு எழுதலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு ஒரு படிப்பு. நிஜ நோயாளிக்கு எழுதும் முன்னால் பொய் நோயாளியிடம் பழகவேண்டும். படிக்கிற நர்ஸ்கள் கடலுக்கு அப்பால் வடக்கே லாப்ரடோரில் ஒருத்தி, தீவின் மேற்குக் கரையில் ஒருத்தி என்று சிதறிக் கிடப்பதால் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். திரைக்கு இந்தப் பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆள் வேண்டுமே. அந்த ஆட்களில் ஒருத்தி, டாட்மன் குடா என்ற எங்கள் மீன்பிடி ஊரின் மார்செல்லா.

இருபத்துமூன்று வருடம் நண்டுத் தொழிற்சாலையில் ஓடு உடைத்தவள். மணிக்கட்டு இரண்டும் அங்கேயே போயின. ஆனால் கோடையில் மாதாகோயில் ஹாலில் போடும் நாடகத்தில் அவள் இல்லாமல் திரை ஏறாது. ஒருமுறை மேடையில் அவள் செத்து விழுந்த விதத்தைப் பார்த்து, நிஜமென்று நினைத்து, சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ப் புட்டியோடு பாதிரியார் ஓடிவந்துவிட்டார். அன்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் நோரீன் விதர்ஸ், நர்ஸ்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவள். நாடகம் முடிந்ததும் வந்து மார்செல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்லா சாகத் தெரிஞ்ச உங்களுக்கு, கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருக்கத் தெரியாதா?"

வேலைக்கு ஒரே ஒரு விதி. கேட்டால் மட்டும் சொல்லவேண்டும். கேட்காததை வாய்விடக் கூடாது. நோரீன் இதை மூன்றாம் தடவையாக விளக்க ஆரம்பித்தபோது மார்செல்லா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"இதுக்கு எதுக்கும்மா வகுப்பு? நாங்க பொறந்ததுலேர்ந்து மம்மர் போறவங்க."

மம்மர் என்றால் வேஷக்காரர்; கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாளும் எங்கள் குடாவில் யார் யாரென்று தெரியாது. தலையில் தலையணை உறை, முகத்தில் ஜன்னல் லேஸ், புருஷனின் எண்ணெய்த்துணி அங்கி, உள்ளே திணித்த மெத்தைப் பஞ்சு, இடது காலில் வலது பூட்ஸ். இப்படிக் கூட்டமாகப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். பேச்சைக்கூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேதான் பேசுவோம், குரல் தெரியக்கூடாதென்று. வீட்டுக்காரர்கள் கிள்ளிப் பார்த்து, இடித்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகப் பேர் சொல்லிவிட்டால் முகத்திரையைத் தூக்கியே ஆகவேண்டும். அப்புறம்தான் கேக்கும் ரம்மும். பெரும்பாலும் கையை வைத்துத்தான் மாட்டிக்கொள்வோம். அதனால் கெட்டிக்கார மம்மர்கள் கம்பளிக் கையுறையைக் கழற்றவே மாட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் மூடுபனி கடலிலிருந்து ஏறி வந்து, வேலியை எடுத்துக்கொள்ளும், அப்புறம் நாத்தனார் பெர்னிஸ் வீட்டை எடுத்துக்கொள்ளும், கடைசியில் ஜன்னலையும் எடுத்துக்கொள்ளும். உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரு சமையலறையும் ஒரு திரையும் மட்டும். திரையில் யாரோ ஒரு நர்ஸின் முகம் மெல்ல மிதந்து வரும். "எப்போலேர்ந்து வலி?" என்று கேட்கும். மார்செல்லாவுக்கு நிஜமாகவே வலிக்கும். வகுப்பு முடிந்து முகம் அணைந்துபோன பிறகும் அவள் நடித்த பெண்கள் உடனே கிளம்ப மாட்டார்கள். ஆஸ்துமாக்காரி அடுப்போரமாக நின்று மூச்சு வாங்குவாள். பிள்ளைத்தாய்ச்சி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். மார்செல்லா சில நாள் தன்னை மறந்து இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றைத் திரும்ப மாட்டிவைப்பாள். அவளுக்கு அது பயமாக இல்லை. தனியாக இருக்கிற வீட்டுக்கு யார் வந்தால் என்ன.

தனியாக என்றால், புருஷன் சிரில் போய்ப் பதின்மூன்று மாதமாகிறது. வலைக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்றுபோனது.

எங்கள் குடாவில் செத்தவர் சாமான் வீணாகாது. சிரிலின் பூட்ஸ் பெர்னிஸ் புருஷனுக்குப் போனது. மேல்கோட்டு கோயில் மணியடிக்கிறவருக்கு. மாத்திரைகளையும் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம், பெர்ரி ஜாம் மாதிரி. வேலிக்கு மேலே கைநீட்டி, "இந்தா, எங்க அம்மாவுக்கு இது நல்லா கேட்டுச்சு" என்போம். எது யாருக்கு எதற்குக் கொடுத்தது என்றெல்லாம் பார்க்கிற வழக்கம் கிடையாது. சிரிலின் தங்கை பெர்னிஸ் இந்த விஷயத்தில் பாதி டாக்டர். அடக்கம் முடிந்த நாலாம் நாள் அலமாரியைத் திறந்தவள் அவள்தான்.

"ஏழு டப்பா! முதுகுவலி மாத்திரை. எங்கண்ணன் ஒண்ணுகூட முழுங்கல போலிருக்கு. கஞ்சப்பயல், முதுகுவலியக்கூட செலவழிக்காம வெச்சிருந்தான்."

"பனில ரோடு மூடிக்கிட்டா வேணும்னு சேத்து வெச்சாரு."

"ரோடு எங்க மூடுச்சு, அவன்தான் கண்ண மூடிக்கிட்டான்." சொல்லிவிட்டுப் பெர்னிஸ் அழுதாள். அழுதுமுடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "உன் கைக்கு எடுத்துக்க. வலிக்கு வலி, யாரோட வலியா இருந்தா என்ன?"

அன்றிலிருந்து தினம் காலையில் மார்செல்லா பொரித்த ரொட்டியில் வெல்லப்பாகு ஊற்றி, டின் பால் விட்டு டீ போட்டு, ஜன்னல் கட்டையில் இருக்கும் டப்பாவை எடுப்பாள். அதில் ஒட்டியிருப்பதை வாய்விட்டுப் படிப்பாள். "சிரில் கரீன். காலையில் ஒன்று, சாப்பாட்டோடு." மூடியைத் திறந்து ஒன்றைக் கையில் தட்டிக்கொள்வாள். அவனே எதிரில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும். கைவலி குறைந்தது உண்மை. ஆனால் கைவலிக்காகத்தான் அதைச் சாப்பிட்டாள் என்று சொன்னால் அது பாதிப் பொய்.

செப்டம்பரில் நோரீன் கூப்பிட்டாள். இறுதித் தேர்வுக்குப் புதிதாக ஒரு நோயாளி வேண்டுமாம். மிஸஸ் டாயில், வயது அறுபது, ரத்தக் கொதிப்பு, எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் இறங்கவில்லை. "அவ எதையோ மறைக்கணும் மார்செல்லா. நர்ஸ் சரியா கேட்டாத்தான் வெளிய வரணும். நிஜமா இங்க ஆளுங்க பண்ற தப்பா ஒண்ணு சொல்லுங்களேன்."

மார்செல்லா அப்போது உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். யோசிக்கவே இல்லை. "செத்துப்போன புருஷனோட வலி மாத்திரைய தெனம் சாப்பிடறா" என்றாள்.

"அபாரம்!" என்றாள் நோரீன். "கொதிப்பு அதனாலதான் ஏறும். கூடவே அவ கொதிப்பு மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடறாளே, மூணும் சேர்ந்தா சிறுநீரகம் போயிடும். பிரமாதமா யோசிச்சீங்க."

அந்த வாரமே மிஸஸ் டாயிலின் காகிதங்கள் வந்தன. கணுக்கால் வீக்கம், களைப்பு, காலையில் முகம் உப்புவது. தொடர்ந்தால் இன்ன கேடு, இன்ன மாதத்தில் என்று கறுப்பு வெள்ளையில் இருந்தது. மார்செல்லா அதை மனப்பாடம் செய்தாள். அவளும் கொதிப்புக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என்று இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறவள்தான். கணுக்காலைக் குனிந்து பார்த்தாள். சாக்ஸின் தடம் பள்ளமாகக் கிடந்தது. "பாவம் மிஸஸ் டாயில்" என்று சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை டப்பாவைத் திறந்தாள்.

முட்டாள்தனம்தான். படித்ததும் நிறுத்தியிருக்க வேண்டாமா? எனக்கு இப்போது நினைத்தாலும் அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் அவள் தோளைப் பிடித்து உலுக்கவும் மனம் வராது. நிறுத்தினால் காலையில் அந்த மேசைக்கு யார் வருவார்கள்?

அக்டோபர் முழுக்க ஒத்திகை, முன்பே தேறிய நர்ஸ்களை வைத்து. ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் "டாக்டர் கொடுத்தது தவிர வேறென்ன சாப்பிடறீங்க, கடையில வாங்கினது ஏதாவது?" என்றுதான் கேட்டாள். "கடையில ஒண்ணும் வாங்கல கண்ணு" என்று மார்செல்லா பதில் சொன்னாள். சொல்லுக்குச் சொல் உண்மை. ஏழு பேரும் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தி போனபிறகும் மார்செல்லாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், எந்த வீட்டிலும் பேர் சொல்லப்படாமல் தெருவில் நின்றுவிட்ட மம்மர் மாதிரி ஒரு ஏமாற்றம்.

தேர்வு நவம்பரில். மிஸஸ் டாயிலைப் பார்க்க எட்டாவதாகத் திரைக்கு வந்தவள் ஷெல்பி பார்டி, லாப்ரடோர் கரையில் ஒரு சின்ன ஊரின் நர்ஸ். பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மருந்து அறையிலேயே உட்கார்ந்திருந்தாள் போல. அவள் ஊருக்கு விமானம் வானம் விட்டால்தான் வரும். இவள் தேறினால் அங்கே சீட்டு எழுத ஒரு ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பன்னிரண்டு நிமிடம். ஓரத்தில் நோரீனின் முகம் சின்னக் கட்டத்தில், வாய் மூடியபடி.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"மிஸஸ் டாயில்னு கூப்பிடு தங்கம்."

நல்ல பெண். பதறவில்லை. காலைக் காட்டச் சொன்னாள். மார்செல்லா லேப்டாப்பைச் சாய்த்துக் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. மூச்சு வாங்குதா, உப்பு எவ்வளவு போடுவீங்க, கருவாடு சாப்பிடுவீங்களா, கடையில் வாங்கின மருந்து, மூலிகை, விட்டமின். எல்லாம் கேட்டாள். மார்செல்லா இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கி டீயை உறிஞ்சினாள். ஷெல்பியின் கண் அந்தக் கைமேல் போய் ஒரு கணம் நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

வெளியே கப்பல்களை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு ஊதியது. தலையணை உறைக்குள் முகம் வேர்ப்பது போல மார்செல்லாவுக்கு வேர்த்தது. ஒரே ஒரு கேள்வி, கண்ணு. இன்னும் ஒரே ஒன்று. வாய்விட்டுச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தப் பெண் தேறிவிடுவாள். ஆனால் கேட்காமல் தானாக முகத்திரையைத் தூக்குகிற மம்மர் டாட்மன் குடாவில் பிறக்கவில்லை. தேறினபிறகு நிஜ நோயாளியிடம் கேட்காமல் விட்டால் அப்போது யார் சொல்வது? உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஷெல்பி கொதிப்பு மாத்திரையை இரட்டிப்பாக்கித் திரையில் வைத்தாள். மணி அடித்தது.

"வேஷத்தைக் கலைச்சுடுங்க மார்செல்லா," என்றாள் நோரீன். "அவங்க எதை விட்டாங்கன்னு சொல்லுங்க."

மார்செல்லா தொண்டையைச் செருமினாள். "மிஸஸ் டாயில் செத்துப்போன புருஷனோட வலி மாத்திரைய சாப்பிடறா. கடையில வாங்கினதான்னு கேட்டே. அடுத்தவங்களோடதான்னு கேக்கல."

ஷெல்பி கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல நீளமான மூச்சு ஒன்று விட்டாள். "ஆமா. கேக்கல." அப்புறம் கண்ணைத் திறந்து, "இப்ப ஒண்ணு கேக்கலாமா? மிஸஸ் டாயிலை இல்ல. உங்கள."

"ஷெல்பி, நேரம் முடிஞ்சுது," என்றாள் நோரீன்.

"தெரியும் மேடம். தேர்வுக்கு இல்ல." அவள் திரைக்கு அருகில் வந்தாள். "எனக்குக் குடுத்த காகிதத்துல கைவலி இல்ல. நீங்க ரெண்டு கையால கப்பத் தூக்கறீங்க. கால்ல விழுந்த குழி நடிச்சு வராது. எங்க ஊர்லயும் கிறிஸ்துமஸுக்கு வேஷம் கட்டுவோம். கையப் பாத்துத்தான் பேர் சொல்லுவோம். சொல்லுங்க மார்செல்லா, உங்க கைக்கு யாரோட மாத்திரைய சாப்பிடறீங்க?"

எங்கள் குடாவில் மீனைப் பற்றிப் பொய் சொல்லலாம், வயதைப் பற்றிச் சொல்லலாம், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட ஒன்றிரண்டு பாவத்தை விழுங்கலாம். பேர் சொல்லப்பட்ட மம்மர் மட்டும் இல்லையென்று சொன்னதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. மார்செல்லா எழுந்தாள். ஜன்னல் கட்டைவரை போனாள், திரும்பி வந்தாள். டப்பாவைக் கேமராவுக்கு முன்னால், எழுத்துத் தெரியும்படி பிடித்தாள்.

"ஐயோ, மார்செல்லா!" என்றாள் நோரீன்.

ஷெல்பி ஐயோ சொல்லவில்லை. எழுத்தைப் படித்தாள். "சிரில்," என்றாள் மெதுவாக, அறிமுகமாகிறவள் போல. "எவ்ளோ நாளாச்சு?"

"பதிமூணு மாசம். தெனம் ஒண்ணு." சொல்லும்போதே மார்செல்லாவுக்கு அழுகை முட்டியது. "காலையில, சாப்பாட்டோட. அவரு குடுக்கற மாதிரி இருக்கும் கண்ணு."

"இருக்கும்," என்றாள் ஷெல்பி. அப்புறம் குரல் மாறியது. "ஆனா இன்னியோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்கணும். கார் ஓட்ட யாரு இருக்கா?"

"பெர்னிஸ். என் நாத்தனார்."

"அவங்ககிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

மார்செல்லா திரும்பி வந்தபோது நோரீனுக்கு மூக்கு சிவந்திருந்தது. எனினும் அவள் ஆசிரியை. "என் மனசு கேக்கல ஷெல்பி. ஆனா மணி அடிச்சப்புறம் கேட்ட கேள்விக்கு மார்க் கிடையாது. ஜனவரில திரும்ப எழுதணும்." ஷெல்பி தலையாட்டினாள். அவள் ஊர் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடப் பாதையில் பெர்னிஸ் வாய் ஓயவில்லை. பயந்தால் அவளுக்குப் பேச்சு அதிகமாகும்.

"ஊருக்கெல்லாம் நோயாளியா நடிக்கற, வீட்டுல நிஜமாவே நோயாளி. இதுக்கு உனக்கு பட்டம் குடுக்கணும்டி."

"எடுத்துக்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான். நான்தான் சொன்னேன்." பெர்னிஸ் காரை ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் போனது பத்தாதா? உன்னையும் நானே அனுப்பி வெச்சிருப்பேனே." மார்செல்லா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பனி காரைச் சுற்றி மெல்ல நகர்ந்தது.

சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றார்கள். நல்லவேளை இப்போது வந்தீர்கள், நிறுத்திவிட்டதால் தேறிவிடும் என்றும் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் மருந்துக்கடையில் மிச்ச டப்பாக்களை அழிக்கச் சொல்லிக் கொடுத்தாள். கூடவே பெர்னிஸ் தன் வீட்டிலிருந்து ஒரு தலையணை உறை நிறைய ஊரார் மாத்திரைகளைக் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரப் பெண் வாயைப் பிளந்தாள். டப்பாவில் ஒட்டிய பேர்ச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்களாம், அது அவர்கள் வழக்கம். "சிரில் கரீன்" என்றிருந்ததை அவள் நகத்தால் உரிக்கத் தொடங்கியபோது மார்செல்லா குறுக்கே கைநீட்டினாள். "மெதுவா, கண்ணு. கிழிக்காம எடு. அத எங்கிட்ட குடு."

டிசம்பர் காலைகள் நீளமாக இருந்தன. கை வலித்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வேஷம் கட்டவில்லை.

ஷெல்பியின் மறுதேர்வு ஜனவரி ஆறாம் தேதி வந்தது, பண்டிகையின் கடைசி நாளில். இந்தமுறை மார்செல்லா மிஸஸ் கீலி, மூத்திரக் கடுப்பு, மறைக்க ஒன்றும் கிடையாது. வேறு மாகாணத்திலிருந்து ஒரு தேர்வாளரும் நோரீனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தார். ஷெல்பி எல்லாம் கேட்டாள். ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேற யார் பேராவது எழுதின மருந்து உங்க வீட்டுல இருக்கா, மிஸஸ் கீலி?"

காகிதத்தில் பதில் எழுதியிருந்தது: இல்லை. ஒரே சொல். மார்செல்லா வாயைத் திறந்தாள், வரவில்லை. இப்போது அந்தப் பதில் மிஸஸ் கீலிக்கு மட்டுமல்ல, மார்செல்லாவுக்கும் உண்மை. கடிகாரம் ஓடியது. ஷெல்பி அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"இல்ல கண்ணு," என்றாள் மார்செல்லா கடைசியில். கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல. எல்லாம் குடுத்தாச்சு."

"நல்லது," என்றாள் ஷெல்பி. "டீ ஆறிடப்போவுது, குடிங்க. நான் இருக்கேன்."

அப்புறம்தான் எழுதினாள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறதென்று கேட்டு, அதற்கேற்ற மருந்தை, சரியான நாள் கணக்கில். மணி அடிக்க அரை நிமிடம் இருந்தது. நோரீன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கூடாதென்று நினைவு வந்து கீழே போட்டாள். அந்த வெளியூர்த் தேர்வாளர் தன் மைக்கைத் திறந்தார்.

"மூத்திரக் கடுப்புக்கு இவ்ளோ உருக்கமா நடிச்சு நான் பாத்ததே இல்லம்மா," என்றார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் மார்செல்லா.

லேப்டாப்பை மூடினாள். டீ ஆறித்தான் போயிருந்தது. புதிதாகப் போடலாமென்று எழுந்து, ஜன்னல் கட்டையிலிருந்த டீத்தூள் டின்னை இரண்டு கையாலும் எடுத்தாள். அதன்மேல் கிழியாமல் ஒட்டியிருந்த பேர்ச் சீட்டை வாய்விட்டுப் படித்தாள். சிரில் கரீன். காலையில் ஒன்று, சாப்பாட்டோடு.